சுருட்டை முடியை நேராக்கும்போது என்ன தப்பா போகுது, எங்க பாக்கணும்

என் முடி சுருட்டை. லேசா அலை அலையா இருக்கிற மாதிரி இல்ல, ஈரமா இருக்கும்போது முதுகு பாதி வரைக்கும் வரும், காஞ்சதும் தோளுக்கு ஏறிடும், அந்த அளவு சுருட்டை. ஸ்கூல்ல பேரே பரட்டை தான். இப்ப வருஷத்துக்கு ஏழெட்டு தடவை நேராக்கி போட்டுப்பேன், மீதி நாள் சுருட்டையாவே சுத்துவேன். கெமிக்கல் எதுவும் கிடையாது, தலைக்கு குளிச்சா பழையபடி சுருள் வந்துடணும், வந்தா தான் நான் ஒழுங்கா பண்ணிருக்கேன்னு அர்த்தம்.

ஆனா இந்த நிலைமைக்கு வர்றதுக்கு முன்னாடி நிறைய முடியை காவு குடுத்தாச்சு. அப்ப நான் பண்ணின ஒரே தப்பு என்னன்னா, எது சரியா வரலன்னாலும் ஸ்ட்ரெயிட்னர் மெஷின்ல (அயர்ன்னு சொல்றதும் இதை தான்) சூட்டை ஏத்துறது. வேர் புடைப்பா இருக்கா, ஏத்து. சீக்கிரம் திரும்பிடுதா, ஏத்து. வறண்டு தெரியுதா, இன்னும் ஒரு தடவை இழு. நிஜத்துல பாத்தா அயர்ன் பண்ணும்போது தெரியிற கோளாறுல முக்காவாசி அதுக்கு முன்னாடியே பாத்ரூம்லயும் ட்ரையர்லயும் நடந்து முடிஞ்சது தான். அதனால கீழ எந்த கோளாறை பாத்தாலும் சூட்டு பட்டனை கடைசியா தான் தொடணும்.

அயர்ன் வைச்சதும் சுர்ர்னு சத்தம், புகை

உடனே கையை எடுங்க. இதுல மூணு விதம் இருக்கு, வாசனையை வெச்சே பிரிச்சிடலாம்.

வாசனை இல்லாம வெறும் சுர்ர்னு சத்தத்தோட ஆவி வருதுன்னா முடி இன்னும் காயல. இது தான் இருக்கிறதுலயே மோசம். முடிக்குள்ள இருக்கிற தண்ணி அந்த சூட்டுல கொதிச்சு ஆவியாகி வெளிய வர வழியில்லாம உள்ளயே குமிழ் விட்டுடும், பப்பிள் ஹேர்னு இதுக்கு பேரே இருக்கு, அந்த இடத்துல முடி அப்பளம் மாதிரி பொரிஞ்சு போய் பிறகு தொட்டாலே உடையும். ஈர முடியில 125 டிகிரியில முடி சுருட்டுற டாங்ஸை ஒரு நிமிஷம் வெச்சிருந்தாலே இது வரும்னு பாத்திருக்காங்க, நம்ம ஸ்ட்ரெயிட்னர் எல்லாம் 200க்கு மேல போற ஜாதி. கையில தொட்டா காஞ்ச மாதிரி தெரியும், ஆனா பின்கழுத்து பக்கமும் நடு உச்சிக்கு உள்ளயும் ஈரம் ஒளிஞ்சிருக்கும், அங்க புறங்கையை வெச்சு பாருங்க, சில்லுனு இருந்தா காயலன்னு அர்த்தம்.

சீரம் வாசனையோட புகை வந்தா அது சீரமோ, சூட்டுல இருந்து முடியை காக்க போடுற ஹீட் ப்ரொடெக்டன்டோ அதிகமா போயிருக்கு, இல்ல ஸ்ப்ரே அடிச்சுட்டு காயவிடாம அயர்னை வெச்சுட்டீங்க. ஒரு நிமிஷம் விடுங்க, சீப்பு போட்டு சீவுங்க, பிறகு தொடருங்க. பெருசா பயப்பட ஒண்ணும் இல்ல.

மூணாவது, தேங்காண்ணெய் வாசனை. நம்ம வீட்டுல தான் இது நடக்கும். எண்ணெய் வெச்சா முடிக்கு பாதுகாப்புன்னு அம்மா சொல்லிருப்பாங்க, அவங்க சொன்னது தப்பில்ல, குளிக்கிறதுக்கு முன்னாடி வெச்சா தேங்காண்ணெய் முடிக்குள்ள இறங்கி புரதம் வெளிய போறதை குறைக்கும், அது நிரூபிச்ச விஷயம். ஆனா அயர்னுக்கு கீழ அது கவசம் கிடையாது, செக்கு எண்ணெய்னா 175 டிகிரி பக்கத்துலயே புகைய ஆரம்பிச்சிடும். அமெரிக்காவுல கறுப்பின பெண்கள் ஒரு காலத்துல உலோக சீப்பை அடுப்புல சூடு பண்ணி, முடியில எண்ணெய் தடவி நேராக்கினாங்க, காது நுனி சுட்டுக்கிட்ட கதை அங்க வீட்டுக்கு வீடு இருக்கும். (முடிக்கான பொருள் வித்து பேர் வாங்கின கறுப்பின தொழிலதிபர் மேடம் சி. ஜே. வாக்கர் தான் அந்த சீப்பை கண்டுபிடிச்சாங்கன்னு சொல்வாங்க, இல்ல, அது அவங்களுக்கு முன்னாடியே இருந்தது, அவங்க அதை பரப்பினாங்க.) அந்த பெண்களோட பேத்திங்க காலத்துல அதே வேலை சில்க் ப்ரெஸ்னு மாறி வந்திருக்கு, நல்லா கழுவி, ட்ரையர்லயே முக்காவாசி நேராக்கி, ரொம்ப கொஞ்சமா சீரம் போட்டு அயர்ன். சுருட்டை முடியை கெமிக்கல் இல்லாம நேராக்குறதுல அவங்கள விட அனுபவம் உள்ளவங்க உலகத்துல இல்ல, நான் இங்க சொல்றதுல பாதி அவங்க செய்றத பாத்து கத்துக்கிட்டது தான்.

கருகின வாசனை, அதாவது முடி பொசுங்குற வாசனையே வந்துச்சுன்னா, அது இந்த மூணும் இல்ல. அது முடியே எரியிறது. மெஷினை ஆஃப் பண்ணிட்டு அன்னைக்கு கொண்டை போட்டுட்டு போங்க.

நீளம் நேரா இருக்கு, வேர் பக்கம் மட்டும் புடைச்சுக்கிட்டு

இது ட்ரையர்ல விட்ட கோட்டை. நிறைய பேர் தலைக்கு குளிச்சு ஃபேன் கீழ உக்காந்து காய வெச்சுட்டு நேரா அயர்னுக்கு வந்துடுறாங்க, அப்ப சுருள் ஏற்கனவே சுருளாவே காஞ்சு இறுகிடுச்சு, அதை மறுபடி அடிச்சு பிரிக்க அயர்ன் ரெண்டு மடங்கு வேலை செய்யணும். ஈரத்துலயே முடியை இழுத்து பிடிச்சு நேரா காய வெச்சுட்டீங்கன்னா அயர்னுக்கு மிச்சம் இருக்குறது மெருகு போடுற வேலை தான்.

நான் பண்றது இப்படி. துண்டுல தேய்க்காம ஒத்தி எடுக்குறேன், பழைய காட்டன் டிஷர்ட் தான் சரியா வரும். லீவ் இன் (அலசாம முடியிலயே விட்டுடுற கண்டிஷனர்), ஹீட் ப்ரொடெக்டன்ட் போட்டு அகலப்பல் சீப்புல நுனியில இருந்து மேல சிக்கு எடுத்து, முடியை எட்டு பாகமா பிரிச்சு க்ளிப். ஒரு பாகத்தை எடுத்து நுனியை கையால இழுத்து பிடிச்சுக்கிட்டு ட்ரையரை வேர்ல இருந்து கீழ் நோக்கி காட்டணும், வேர் நல்லா காய்ற வரைக்கும் நீளத்துக்கு வரவே கூடாது. பிறகு தான் பிரஷ். ட்ரையரை முடியில ஒட்டி வைக்காதீங்க, கொரியாவுல அளந்து பாத்ததுல ஒரு சாண் கூட இல்ல, 15 சென்டிமீட்டர் தள்ளி பிடிச்சா முடியில 47 டிகிரி, 5 சென்டிமீட்டர்ல பிடிச்சா 95 டிகிரி. தூரத்தை கொஞ்சம் மாத்தினா அவ்ளோ வித்தியாசம். இன்னொன்னு, ஒரே இடத்துல காட்டாம அசைச்சுக்கிட்டே இருக்கணும்.

எனக்கு இந்த ட்ரையர் வேலைக்கே ஒண்ணேகால் மணி நேரம் ஆகும், அயர்னுக்கு ஒரு மணி நேரம். கை வலிக்கும். சீக்கிரம் முடிக்கணும்னா அந்த நாள் நேராக்காதீங்க, கல்யாணத்துக்கு கிளம்புற காலையில ஆறு மணிக்கு ஆரம்பிக்கிற வேலை இல்ல இது, முதல் நாள் சாயந்திரமே முடிக்கணும். பாதி தலை முடிச்ச நேரத்துல கரண்ட் போய் மிச்ச பாதி ஈரமா நின்னிருக்கேன், ட்ரையரை எல்லாம் வீட்டு இன்வெர்ட்டர் தாங்காது. அப்படி ஆனா அந்த பாதியை ரெண்டு ஜடையா பின்னி விடுங்க, கரண்ட் வந்ததும் லேசா தண்ணி தெளிச்சு திரும்ப ட்ரையர்ல இருந்து ஆரம்பிங்க.

வேர் பக்கம் அயர்ன் பண்ணும்போது வால் சீப்பை முன்னாடி விட்டு அதுக்கு பின்னாடியே அயர்னை கொண்டு போங்க, சீப்பு பிரிச்சு குடுக்குறத அயர்ன் பிடிச்சுக்கிட்டு வரும். ஒரு விரல் அகலத்துக்கு மேல முடி எடுக்காதீங்க, வெளிச்சத்துல பிடிச்சா அந்த பக்கம் தெரியணும். மெதுவா நிக்காம ஒரு தடவை, தேவைப்பட்டா இன்னொரு தடவை, அவ்ளோ தான். வேகமா அஞ்சு தடவை இழுக்கிறதை விட மெதுவா ஒரு தடவை இழுக்கிறது முடிக்கு நல்லது.

சூடு எவ்வளவுன்னு எல்லாரும் கேப்பாங்க. மெல்லிசு முடி, கலர் பண்ணின முடின்னா 150 பக்கம், நடுத்தரம்னா 160, 170, என்னை மாதிரி தடிச்ச சுருட்டைன்னா 180, அதுக்கும் மேல 190ஐ தாண்ட எனக்கு காரணமே தெரியல. நம்பர் காட்டாம சிவப்பு லைட் மட்டும் எரியிற மெஷினை யாருக்காவது தானம் பண்ணிடுங்க, இல்ல தானம் கூட வேணாம், பாவம் அவங்க முடி.

வீட்டை விட்டு இறங்கி ஒரு மணி நேரத்துல திரும்ப பரட்டை

சென்னைக்காரங்க, யாழ்ப்பாணத்துக்காரங்க, சிங்கப்பூர்ல இருக்கவங்க எல்லாரும் சேர்ந்து புலம்புற விஷயம் இது. முடிக்குள்ள ரெண்டு விதமான பிடிப்பு இருக்குன்னு வெச்சுக்கங்க. ஒண்ணு ஹைட்ரஜன் பிணைப்பு, தண்ணி பட்டா விட்டுடும், காஞ்சா எந்த வடிவத்துல காஞ்சுச்சோ அந்த வடிவத்துல பிடிச்சுக்கும். இன்னொன்னு டைசல்ஃபைட், அது பொதுவா கெமிக்கல் போட்டா தான் அவிழும், சுருள் சுருளா இருக்கிறதுல அதுக்கும் பங்கு இருக்கு. நாம அயர்ன்ல மாத்துறது முதல் வகையை மட்டும் தான். அப்ப காத்துல இருக்கிற ஈரம் பட்டா அது அவிழத்தான் செய்யும், சூட்டை 230க்கு ஏத்தினாலும் அதே பிணைப்பு தான் அதே ஈரம் தான், கூடுதலா கிடைக்கிறது சேதாரம் மட்டும்.

இதுல நம்ம கையில இருக்கிறது என்னன்னா முதல்ல லீவ் இன் பாட்டிலை திருப்பி பாருங்க, லிஸ்ட்ல மேலயே கிளிசரின் இருந்தா நேராக்குற நாளைக்கு அது வேணாம், அது காத்துல இருந்து ஈரத்தை இழுத்து குடுக்கும், சுருட்டையா விடுற நாளைக்கு ஓகே. அதுக்கு பதிலா டைமெத்திகோன் மாதிரி சிலிகோன் உள்ள சீரம், அது முடி மேல ஒரு படலம் போட்டு ஈரம் உள்ள போறதை தாமதப்படுத்தும். சிலிகோன்னா விஷம்னு சொல்றவங்க இருக்காங்க, நேராக்குற நாள்ல எனக்கு அது தான் நண்பன். ரெண்டாவது, அயர்ன் பண்ணி முடிச்சதும் சூடு ஆறுற வரைக்கும் முடியை கட்டாதீங்க, காதுக்கு பின்னாடி கூட சொருகாதீங்க, ஆறும்போது எப்படி இருக்கோ அப்படி தான் நிக்கும்.

அதுக்கும் மேல, ஐப்பசி கார்த்திகை மழையில முடி நேரா நிக்கணும்னு ஆசைப்படுறது நம்ம தப்பு. நான் அந்த ரெண்டு மாசம் மெஷினை வெளியவே எடுக்குறதில்ல. மாசி பங்குனியில பண்ணினா அஞ்சு நாள் நிக்குது.

நேரா இருக்கு, ஆனா பிசுபிசுன்னு தலையோட ஒட்டிக்கிட்டு

போட்டது ஜாஸ்தி. சீரம் ரெண்டு சொட்டு, உள்ளங்கையில தேய்ச்சு நுனியில இருந்து மேல. இல்லன்னா பழைய எண்ணெய் போகல, நேராக்குற அன்னைக்கு மட்டும் சல்ஃபேட் உள்ள ஷாம்புல ரெண்டு தடவை நுரை வர போட்டு அலசணும். சீயக்காய் அன்னைக்கு வேணாம், தூள் தங்கும்.

நேரா இருக்கு, ஆனா வைக்கோல் மாதிரி வெறப்பா, பளபளப்பே இல்ல

எல்லாரும் இதை சூட்டு சேதாரம்னு நினைச்சு பயந்துடுவாங்க, சில நேரம் அது இல்ல, தண்ணி தான். போர் தண்ணியில இருக்கிற கால்சியம், மெக்னீசியம் எல்லாம் முடி மேல படியும், பாத்ரூம் குழாய்ல வெள்ளையா பூத்திருக்குமே அதே தான். அது மேல கண்டிஷனர் போட்டாலும் ஒட்டாது, அயர்ன் வழுக்கிக்கிட்டு போகாம கரகரன்னு பிடிச்சு இழுக்கும். மெட்ரோ வாட்டர்ல குளிக்கிற அக்கா வீட்டுக்கு போய் குளிச்சா அங்க மட்டும் முடி நல்லா வருதுன்னா சந்தேகமே வேணாம்.

கீலேட்டிங் ஷாம்புன்னு கேட்டு வாங்குங்க, ஈடிடிஏ மாதிரி பொருள் அதுல அதிகமா இருக்கும், அந்த உப்பை பிடிச்சு இழுத்துட்டு போயிடும். மாசம் ஒரு தடவை போதும், பிறகு கண்டிப்பா கண்டிஷனர். கடைசி அலசலுக்கு மட்டும் ரெண்டு சொம்பு கேன் தண்ணி ஊத்தினாலே வித்தியாசம் தெரியும், வீட்டுல திட்டுவாங்க, முப்பது ரூபா கேன் தண்ணியில தலைக்கு குளிக்கிறியான்னு.

அப்படி கழுவியும் வெறப்பு போகலன்னா அப்ப சூடு தான், அடுத்ததுக்கு வாங்க.

சீப்புல, சட்டை மேல குட்டி குட்டி முடி

முதல்ல ஒரு முடியை எடுத்து வெளிச்சத்துல பாருங்க. ஒரு முனையில வெள்ளையா குமிழ் இருந்தா அது வேர்ல இருந்து விழுந்த முடி, ஒரு நாளைக்கு 50ல இருந்து 100 வரைக்கும் எல்லாருக்கும் விழும், அதுக்கும் அயர்னுக்கும் சம்பந்தம் இல்ல. ரொம்ப ஜாஸ்தியா விழுந்தா தைராய்டு, இரும்புச்சத்து பாக்க டாக்டர் கிட்ட போங்க, ஷாம்பு மாத்தி ப்ரயோஜனம் இல்ல.

குமிழ் இல்லாம குட்டையா இருந்தா உடைஞ்சது. முடி நடுவுல உப்பு கல் ஒட்டின மாதிரி வெள்ளை புள்ளி தெரியுதா, அது பேன் முட்டையும் இல்ல பொடுகும் இல்ல, அந்த இடத்துல மேல் தோல் உரிஞ்சு உள்ள இருக்கிற நார் பிரஷ் மாதிரி விரிஞ்சு நிக்குது, அடுத்து அங்க தான் ஒடியும். நேராக்குறதை நிறுத்துங்க. ரெண்டு மாசமாவது. வெள்ளை புள்ளி இருக்குற இடத்துக்கு மேல கத்தரிச்சு விடணும், நுனி பிளவும் அப்படி தான், அதை ஒட்ட வைக்கிற சீரம்னு விக்கிறதெல்லாம் அடுத்த குளியல் வரைக்கும் தான் ஒட்டும்.

முன் நெத்தியில மட்டும் உடையுதுன்னா உங்க கையை கவனிங்க. எல்லாரும் மெஷினை எடுத்ததும் முதல்ல முன்னாடி தான் ஆரம்பிப்போம், கண்ணாடியில அது தானே தெரியுது, கடைசியில திரும்ப டச் அப்பும் அங்கயே. தலையிலயே மெல்லிசான முடி அங்க தான், அதிக சூடும் அதுக்கு தான். முன்பக்கத்தை கடைசியா பண்ணுங்க, 20 டிகிரி குறைச்சுட்டு.

தலைக்கு குளிச்சாச்சு, சுருள் திரும்ப வரல

இதுக்காக தான் இவ்ளோ எழுதுறேன்.

எனக்கு நடந்துச்சு. ஒரு கல்யாண சீசன்ல மூணு வாரத்துல ஆறு தடவை, 230ல. ஒரு தடவை கூட புகை இல்ல, வாடை இல்ல, போட்டோ எல்லாம் சூப்பர். பிறகு தலைக்கு குளிச்சு வெளிய வந்து பாத்தா பின்பக்கம் சுருளா இருக்கு, முகத்தை சுத்தி இருக்கிற முடி மட்டும் நேராவும் இல்லாம சுருளாவும் இல்லாம நூடுல்ஸ் ஊறின மாதிரி தொங்குது. ஒருத்தி முடியில ரெண்டு பேர் முடி.

முதல்ல இது நிஜமாவே சேதாரமான்னு பாக்கணும், ஏன்னா சிலிகோன் படிஞ்சிருந்தாலும் அந்த எடையில சுருள் தளர்ந்து தெரியும். அதனால நல்ல ஷாம்புல ரெண்டு தடவை கழுவி, கண்டிஷனர் போட்டு, சீரம் எதுவும் வைக்காம காய விடுங்க. அப்பவும் வரலன்னா அடுத்த வாரம் ஒரு தடவை. ரெண்டாவது குளியல்ல சுருள் எழும்பிடுச்சுன்னா வெறும் படிவு தான், தப்பிச்சீங்க.

எழும்பலன்னா ஈரமா இருக்கிற ஒரே ஒரு முடியை எடுத்து ரெண்டு விரல்ல பிடிச்சு மெதுவா இழுத்து விடுங்க. நல்லா இருக்கிற ஈர முடி அதோட நீளத்துல மூணுல ஒரு பங்கு வரைக்கும் நீண்டு பழையபடி சுருங்கும். இழுத்ததும் பட்டுனு அறுந்தாலோ, நீண்டுட்டு பபிள்கம் மாதிரி அப்படியே நின்னுட்டாலோ உள்ள இருக்கிற கெரட்டின்ங்கிற புரதத்தோட கட்டமைப்பே குலைஞ்சு போச்சு. முட்டை வெள்ளைக்கரு போட்டா, தயிர் போட்டா, வெந்தயம் அரைச்சு போட்டா திரும்பாது. அவிச்ச முட்டையை பச்சை முட்டையாக்க முடியுமா. முடி உயிர் உள்ள பொருள் இல்ல, தானா ஆற வழியே கிடையாது.

அப்ப என்ன பண்றது? வளர விட்டு வெட்டுறது ஒண்ணு தான். மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர், கொஞ்சம் கூட வளரும், எனக்கு முகத்தை சுத்தி இருந்த முடி தாடைக்கு வர ஒன்றரை வருஷம் ஆச்சு. அது வரைக்கும் அந்த முன் முடியை ராத்திரி முறுக்கி க்ளிப் குத்தி சுருள் மாதிரி ஏமாத்திக்கிட்டு இருந்தேன், ரெண்டு விதமான முடி சந்திக்கிற இடம் தான் பலவீனமா இருக்கும், அங்க சீப்பு போடாம விரலால சிக்கு எடுக்கணும்.

இதை வேணும்னே பண்றவங்களும் இருக்காங்க, அடிக்கடி அயர்ன் பண்ணி முடியை "பழக்குறது"ன்னு பேரு. முடி என்ன நாய்க்குட்டியா பழகுறதுக்கு. சுருள் தளர்ந்து நிரந்தரமா நேராகுதுன்னா அது சேதாரம், பேரு தான் வேற.

இப்ப நான் வெச்சிருக்கிற கணக்கு, ரெண்டு தடவைக்கு நடுவுல குறைஞ்சது மூணு வாரம், நடுவுல ஒரு தடவையாவது சுருட்டையாவே காய விட்டு அத்தனை பக்கமும் எழும்புதான்னு பாத்துட்டு தான் அடுத்த தடவை. ஒரு பக்கம் சோம்பலா எழும்பினா அந்த மாசம் மெஷின் பீரோவுக்குள்ள.

காலையில எழுந்தா ஒரு பக்கம் மடங்கி, ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு

திரும்ப அயர்ன் எடுக்காதீங்க, அது தான் ஆறு தடவை கணக்குல சேர்றது. ராத்திரி முடியை தலையை சுத்தி ஒரே திசையில தட்டையா சீவிக்கிட்டே போய் நாலு பின் குத்தி மேல சாட்டின் துணி கட்டுங்க. பாட்டியோட கிழிஞ்ச பட்டுப்புடவை துண்டு இருந்தா அதை விட நல்ல துணி கடையில கிடைக்காது. வியர்த்து வேர் மட்டும் எழும்பியிருந்தா ட்ரையரை கூல்ல வெச்சு காய விட்டு சீவுங்க, போதும். அஞ்சு நாளைக்கு மேல தலை அரிச்சா நேரா நிக்குதேன்னு பாக்காம கழுவிடுங்க, பொடுகு இருக்கவங்க மூணு நாளே அதிகம்.

பார்லர்ல "இவ்ளோ கஷ்டம் எதுக்கு மேடம், கெரட்டின் பண்ணிக்கங்க"

இது கோளாறு இல்ல தான், ஆனா முடி வெட்ட போற ஒவ்வொரு தடவையும் நடக்குது. ரீபாண்டிங், ஸ்மூத்தனிங் ரெண்டும் பொதுவா மேல சொன்ன டைசல்ஃபைட் பிணைப்பையே உடைச்சு நேரா வெச்சு பூட்டுறது, அந்த முடி திரும்ப சுருளாது, வேர்ல புதுசா வர்றது மட்டும் சுருட்டையா வரும். தெரிஞ்சு பண்ணிக்கிட்டா உங்க இஷ்டம். கெரட்டின்னு சொல்றதுல நிறைய க்ரீம்ல ஃபார்மால்டிஹைடு வரும், ஃபார்மால்டிஹைடு இல்லன்னு எழுதின பல க்ரீம்ல அதுக்கு பதிலா கிளையாக்ஸிலிக் ஆசிட். 2024ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல ஒரு 26 வயசு பொண்ணு கேஸ் வந்துச்சு, அந்த ஆசிட் இருந்த க்ரீமை வெச்சு மூணு தடவை பண்ணிக்கிட்டா, மூணு தடவையும் கிட்னி அடி வாங்கிச்சு. அதனால டப்பாவை கையில வாங்கி பின்பக்கம் படிக்காம தலையை நீட்டாதீங்க, டப்பாவை காட்ட மாட்டேன்னு சொன்னா வெறும் ட்ரிம் மட்டும் பண்ண சொல்லிட்டு எழுந்து வாங்க.